உடல் பருமன் நோயாளிக்கு ஓபியாய்டு இல்லாத மயக்கம்: எந்த எடைக்கு டோஸ், எங்கே சறுக்குகிறது?

#1 பயிற்சி_மயக்கம்

கணக்குப் போட வசதியாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். பெண், 34 வயது, உயரம் 165 செ.மீ, எடை 132 கிலோ, பி.எம்.ஐ 48.5. லேப்ராஸ்கோப்பி ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குறுக்குவது). தூக்கத்தில் மூச்சுத்தடை உண்டு, சிபேப் (காற்றழுத்த மாஸ்க்) போட்டுத்தான் தூங்குகிறார். சர்க்கரைக்கு மாத்திரை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

இவருக்கு மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டு வலி மருந்தே தொடாமல் மயக்கம் கொடுப்பதாகத் திட்டம். படித்த வரையில் டெக்ஸ்மெடிடோமிடின், லிக்னோகெயின், கெட்டமின், மெக்னீசியம் என்று நான்கு மருந்துகள் வருகின்றன. டோஸ் எல்லாம் "ஒரு கிலோவுக்கு இவ்வளவு" என்றுதான் போட்டிருக்கிறது. எந்தக் கிலோ? நான்கும் கட்டாயமா? வயிற்றுச் சுவரில் டேப் பிளாக் (அங்குள்ள நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி) போட்டால் லிக்னோகெயின் பம்பும் ஓடலாமா? ரெக்கவரியில் வலி என்று துடித்தால் அடுத்த படி என்ன?

#2 ராம்ப்_தலையணை

முதலில் எடையை முடித்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இவருடைய இயல்பு எடை 165-இல் 105 கழிய 60 கிலோ. ஆணாக இருந்தால் 100 கழிப்போம். கொழுப்பு நீக்கிய எடைக்கு ஜன்மஹாசத்தியன் சூத்திரம்: பெண்ணுக்கு 9270 × 132 என்பதை, 8780 + (244 × 48.5) என்பதால் வகுத்தால் 59 கிலோ வரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சரிக்கட்டிய எடை, அதாவது இயல்பு எடையோடு மிகை எடையில் 40 சதவீதம் கூட்டியது, 60 + 0.4 × 72 = 89 கிலோ.

டெக்ஸ்மெடிடோமிடின், லிக்னோகெயின், கெட்டமின், மெக்னீசியம், ரோக்குரோனியம் எல்லாவற்றுக்கும் 60 கிலோவை வைத்துக்கொள்ளுங்கள். புரோபோஃபால் தூங்கவைக்க 60, தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் 89. தூங்கவைக்கும் நேரத்தில் மொத்த எடையைக் கேட்கிற மருந்து, தசை தளர்த்தும் சக்சமெத்தோனியம் ஒன்றுதான், அதற்கும் 150 மி.கி-க்கு மேல் யாரும் போவதில்லை. 132-ஐப் பம்பில் அடித்தால் எல்லாமே இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. முதல் பத்து நிமிடம் மருந்து சுற்றுவது மூளையிலும் இதயத்திலும்தான், கொழுப்பில் இல்லை.

இவருக்கு எண்ணாகப் போட்டால்:

டெக்ஸ் (இனி டெக்ஸ்மெடிடோமிடினுக்கு இந்தச் சுருக்கம்): 0.5 மை.கி/கிலோ, ஆக 30 மை.கி, 15 நிமிடத்தில். பிறகு மணிக்கு 0.2 முதல் 0.4 மை.கி/கிலோ.
லிக்னோகெயின்: 1.5 மி.கி/கிலோ, ஆக 90 மி.கி, 10 நிமிடத்தில். பிறகு மணிக்கு 60 முதல் 90 மி.கி.
கெட்டமின்: தூங்கிய பிறகு 20 மி.கி. தேவைப்பட்டால் மணிக்கு 6 முதல் 9 மி.கி.
மெக்னீசியம் சல்பேட்: 40 மி.கி/கிலோ, ஆக ஏறத்தாழ 2.5 கிராம், 100 மி.லி சலைனில் 20 நிமிடம். ஒரு தடவை போதும்.
டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி, தூங்கிய பிறகு. சர்க்கரை ஏறும், அன்றிரவு பார்க்கச் சொல்லிவிட வேண்டும்.
பாரசிட்டமால் 1 கிராம். கீட்டோரோலாக் 15 முதல் 30 மி.கி, கடைசியில், தையல் வரிசையில் ரத்தம் கசியவில்லை என்று சர்ஜன் சொன்ன பிறகு.

நான்கும் கட்டாயமா என்றால், இல்லை. இந்த நோயாளிக்கு டெக்ஸும் கெட்டமினும் முதுகெலும்பு. லிக்னோகெயின், பிளாக் இரண்டில் ஒன்று. மெக்னீசியம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

#3 சந்தேகப்_பேர்வழி

ராம்ப் சார் டோஸ் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஏன் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை.

ஓபியாய்டு இல்லாத மயக்கம் என்றால் தியேட்டரில் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான். தியேட்டரில் 100 மை.கி ஃபென்டனிலைத் தவிர்த்துவிட்டு, ரெக்கவரியில் 10 மி.கி மார்ஃபின் கொடுத்து வார்டுக்கு அனுப்பினால் என்ன லாபம்? இவருக்கு ஆபத்து குழாய் இருக்கும்போது இல்லை. வென்டிலேட்டர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. ஆபத்து அன்றிரவு. அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்து 2015-இல் வந்த கட்டுரையில், அறுவைக்குப் பிந்தைய ஓபியாய்டு மூச்சு ஒடுக்கங்களில் 88 சதவீதம் முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. தடுத்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டவை 97 சதவீதம்.

இன்னொன்று, பிரான்சில் நடந்த போஃபா ஆய்வு, 2021. 314 பேர். ஒரு பக்கம் ரெமிஃபென்டனில் என்ற ஓபியாய்டு, மறுபக்கம் டெக்ஸ். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, குடல் ஓடாமை, அறிவுக்குழப்பம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் டெக்ஸ் பக்கம் 78 சதவீதம், ரெமி பக்கம் 67. ஆக்சிஜன் குறைவு மட்டும் 72-க்கு 61. டெக்ஸ் பக்கம் ஐந்து பேருக்குக் கடுமையான இதயத்துடிப்புக் குறைவு வந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். மூச்சைக் காக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு மூச்சில்தான் தோற்றிருக்கிறது.

#4 ராம்ப்_தலையணை

//மூச்சில்தான் தோற்றிருக்கிறது//

போஃபாவைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் டோஸைப் பாருங்கள். அதில் மணிக்கு 1.4 மை.கி/கிலோ வரை போகலாம். நான் மேலே எழுதியது 0.2 முதல் 0.4. மூன்று மடங்குக்கு மேல் டெக்ஸ் ஓடினால் நோயாளி எழுந்திருக்க நேரமாகும், நாக்கு பின்னால் விழும், ஆக்சிஜன் குறையும். அந்த ஆய்வு சொல்வது ஓபியாய்டு வேண்டும் என்பதல்ல. டெக்ஸை இவ்வளவு அதிகமாக ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்றே நான் அதை வாசிக்கிறேன். அதோடு அது பருமன் நோயாளிகளுக்கென்று வகுத்த ஆய்வும் இல்லை.

பருமன் அறுவைக்கு நிச்சயமாகச் சொல்லக்கூடிய லாபம் வாந்தி. 2014-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவில் 119 பேர் ஆய்வு: மூன்று வாந்தித் தடுப்பு மருந்துகள் இரு பக்கமும் கொடுத்த பிறகும், வழக்கமான முறையில் 37 சதவீதத்துக்குக் குமட்டல் அல்லது வாந்தி, ஓபியாய்டு இல்லாத ரத்த நாளம் வழி மயக்கத்தில் 20 சதவீதம். வழக்கமான முறையில் வாயு மயக்கமும் இருந்தது, ஆகவே வித்தியாசம் முழுவதையும் ஓபியாய்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஸ்லீவ் முடிந்த வயிற்றில் வாந்தி எடுப்பது சின்ன விஷயமில்லை. புதுத் தையல் வரிசையின் மேல் அழுத்தம் ஏறும், தண்ணீர் இறங்காது, வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போகும்.

வலியைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 23 ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வந்த தொகுப்பில், இரண்டு மணி நேரத்தில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை, வாந்தி குறைவு. அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

#5 மைக்ரோகிராம்

மருந்தகப் பக்கத்திலிருந்து. டோஸ் சரியாக இருந்தும் பம்பில் கோட்டைவிடுகிற இடங்களைச் சொல்கிறேன்.

டெக்ஸ் 200 மை.கி, 2 மி.லி. அதை 48 மி.லி சலைனோடு சேர்த்தால் 50 மி.லி-யில் ஒரு மி.லி-க்கு 4 மை.கி. 30 மை.கி என்பது 7.5 மி.லி. 15 நிமிடத்தில் போக வேண்டுமானால் பம்ப் 30 மி.லி/மணி. பிறகு 0.3-க்கு இறக்கினால் 18 மை.கி/மணி, அதாவது 4.5 மி.லி/மணி. இங்கே முதல் பள்ளம்: 30-இலிருந்து 4.5-க்கு இறக்க மறந்தால் மணிக்கு 2 மை.கி/கிலோ ஓடிக்கொண்டிருக்கும். குழாய் போடும் பரபரப்பில் அந்தப் பதினைந்தாவது நிமிடம் யார் நினைவிலும் இருக்காது. பம்பில் 7.5 மி.லி என்று அளவு வரம்பு போட்டுவிடுங்கள். அது தானே நிற்கும், சத்தம் போடும்.

இரண்டாவது, மணிக்கு என்பதற்குப் பதில் நிமிடத்துக்கு என்று அலகு தேர்ந்தெடுப்பது. 0.3 மை.கி/கிலோ/நிமிடம் என்றால் 270 மி.லி/மணி. முழு சிரிஞ்சும் 11 நிமிடத்தில் காலி. நார்அட்ரினலின் எப்போதும் நிமிடக் கணக்கு, டெக்ஸ் எப்போதும் மணிக் கணக்கு. ஒரே அடுக்கில் இரண்டும் இருக்கும்போது விரல் பழக்கப்பட்ட இடத்துக்குத்தான் போகும்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். லிக்னோகெயின் 2 சதவீதம் என்றால் 20 மி.கி/மி.லி. 90 மி.கி/மணி ஓடினால் அதுவும் 4.5 மி.லி/மணி. டெக்ஸும் 4.5, லிக்னோகெயினும் 4.5. இரண்டு பம்பும் ஒரே எண்ணைக் காட்டும். "டெக்ஸைக் கொஞ்சம் ஏத்து" என்று சொன்னால் எதை ஏற்றுவார்கள்? லேபிள் சிரிஞ்சில் மட்டும் போதாது. பம்பின் முகத்திலும், நோயாளி பக்கம் குழாய் சேருமிடத்திலும் ஒட்ட வேண்டும்.

நான்காவது, ரத்த நாளத்தில் ஓட்டும் லிக்னோகெயின் அட்ரினலின் கலக்காத, பதப்படுத்தி சேர்க்காத வகையாக இருக்க வேண்டும். தோலுக்கடியில் போட எடுத்துவைத்த, அட்ரினலின் கலந்த வயல் அதே தட்டில் இருக்கவே கூடாது.

#6 பயிற்சி_மயக்கம்

நன்றி மைக்ரோ. டெக்ஸ், கெட்டமின், லிக்னோகெயின் மூன்றையும் ஒரே சிரிஞ்சில் கலந்து ஓட்டுகிறார்களே, அது எப்படி? 50 மி.லி-யில் டெக்ஸ் 50 மை.கி, கெட்டமின் 50 மி.கி, லிக்னோகெயின் 500 மி.கி என்று பார்த்தேன்.

#7 மைக்ரோகிராம்

பத்து கிலோவுக்கு ஒரு மி.லி தொடக்கம், பிறகு மணிக்குப் பத்து கிலோவுக்கு ஒரு மி.லி. இந்த நோயாளிக்கு 6 மி.லி, பிறகு 6 மி.லி/மணி. அதாவது டெக்ஸ் 0.1 மை.கி, கெட்டமின் 0.1 மி.கி, லிக்னோகெயின் 1 மி.கி, எல்லாம் கிலோவுக்கு. கணக்கு எளிது, பம்ப் ஒன்று, குழப்பம் குறைவு. அதுவே அதன் கவர்ச்சி.

விலை என்னவென்றால், துடிப்பு 45-க்கு விழுந்தால் டெக்ஸை மட்டும் நிறுத்த முடியாது, மூன்றும் நிற்கும். ரத்த அழுத்தம் ஏறினால் எதை ஏற்றுவது என்ற தேர்வும் இல்லை. அப்புறம் தொடக்க டோஸில் 60 மி.கி லிக்னோகெயின் இருப்பதால் அதையும் ஒரு நிமிடத்தில் அடிக்கக் கூடாது. வழக்கமாகச் செய்து கைபழகிய குழுவுக்கு இது சரி. முதல் தடவை செய்கிறவர்கள் தனித்தனியாக ஓட்டுவதே மேல்.

#8 ஊசிமுனை

பிளாக் கேள்விக்கு வருகிறேன். லிக்னோகெயின் பம்பும் டேப் பிளாக்கும் ஒன்றாகக் கூடாது. 2021-இல் அனஸ்தீசியா இதழில் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை தெளிவாகச் சொல்கிறது: தொடக்கம் 1.5 மி.கி/கிலோவுக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்தில். பிறகு மணிக்கு 1.5-க்கு மேல் வேண்டாம். எல்லாம் இயல்பு எடைக்கு. யாராக இருந்தாலும் மணிக்கு 120 மி.கி-க்கு மேல் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பிளாக் போட்டு நான்கு மணி நேரத்துக்குள் தொடங்கக் கூடாது, பம்ப் நிறுத்தி நான்கு மணி நேரத்துக்குள் பிளாக்கும் போடக் கூடாது.

மயங்கிக் கிடப்பவர் உதடு மரத்துப்போகிறது, காதில் இரைகிறது என்று சொல்ல மாட்டார். லிக்னோகெயின் நச்சின் முதல் இரண்டு படிகளையும் மயக்கம் மறைத்துவிடும். நமக்குத் தெரிவது இ.சி.ஜி அகலமாவது, இல்லையென்றால் எழும்போது வலிப்பு. 20 சதவீத லிப்பிட் (இந்த நச்சுக்குக் கொடுக்கும் கொழுப்புக் கரைசல்) அந்த அறையிலேயே இருக்க வேண்டும். இவருக்கு முதல் அடி 1.5 மி.லி/கிலோ, ஆக 90 மி.லி, இரண்டு மூன்று நிமிடத்தில், தொடர்ந்து நிமிடத்துக்கு 15 மி.லி. அட்ரினலின் தேவைப்பட்டால் கிலோவுக்கு 1 மை.கி-க்கு மிகாமல்.

பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால்: ரோபிவகெயின் 3 மி.கி × 60 = 180 மி.கி உச்சம். விலா விளிம்புக்குக் கீழே இரு பக்கமும் 0.375 சதவீதம் 20 மி.லி வீதம் போட்டால் 150 மி.கி ஆயிற்று. மிச்சம் 30 மி.கி. இங்கேதான் வழக்கமாக ஓட்டை: மயக்க மருத்துவர் பிளாக் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், முடிக்கும்போது சர்ஜன் போர்ட் துளைகளில் 20 மி.லி புபிவகெயின் போடுவார். இருவரும் அவரவர் உச்சத்துக்குள்தான் இருக்கிறார்கள், நோயாளி உச்சத்தைத் தாண்டிவிட்டார். வெவ்வேறு மருந்தானாலும் நச்சு ஒன்றாகத்தான் கூடும். பலகையில் ஒரே மொத்தக் கணக்காக எழுதி வையுங்கள்.

தடித்த வயிற்றில் நேர்கோட்டு ப்ரோப் போதாது. வளைந்த ப்ரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ஊசி 100 மி.மீ பெரும்பாலும் போதும், சிலருக்கு 150. உதவியாளர் வயிற்று மடிப்பை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒன்றிரண்டு செ.மீ ஆழம் குறையும். ஊசி செங்குத்தாகப் போகப் போக திரையில் மறையும். நுனி தெரியாமல் மருந்தைத் தள்ளாதீர்கள். ஒரு மி.லி சலைன் விட்டுப் பாருங்கள், தசை உப்பினால் தப்பான இடம், இரண்டு தசைகள் பிரிந்து நடுவே கறுப்புப் பட்டை விரிந்தால் சரியான இடம்.

என் கருத்து: ஸ்லீவில் வலியின் பெரும்பகுதி உள்ளுறுப்பு வலி, இரைப்பைச் சுருக்கம், அறுவைக்காக வயிற்றில் ஏற்றிய வாயுவால் தோளுக்கு ஏறும் வலி. டேப் இது எதையும் தொடாது. வயிற்றுச் சுவர் வலியை மட்டும் எடுக்கும். அதனால் ஸ்லீவுக்கு லிக்னோகெயின் பம்பும், வெட்டித் திறந்து செய்யும் ஹெர்னியா மாதிரி அறுவைக்கு பிளாக்கும் என்று பிரித்துக்கொள்வேன்.

#9 சந்தேகப்_பேர்வழி

பம்ப் ஓடும்போது சர்ஜன் போர்ட்டில் மரப்பு மருந்து போடலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள் ஊசிமுனை. அதுதான் தினமும் வரும் தகராறு.

#10 ஊசிமுனை

அறிக்கையின்படி அதுவும் கூடாது. நடைமுறையில் போர்ட்டுக்குப் போட்டே ஆக வேண்டும் என்று சர்ஜன் நின்றால், பம்பைத் தொடங்காமல் விடுங்கள். இரண்டையும் பாதிப் பாதி செய்வதைவிட ஒன்றை முழுதாகச் செய்வது நல்லது. இதை நோயாளி மேசைக்கு வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், வாயு வெளியேற்றும் நேரத்தில் இல்லை.

#11 பயிற்சி_மயக்கம்

ஓபியாய்டு இல்லாமல் லாரிங்கோஸ்கோப்பி செய்யும்போது அழுத்தம் எகிறாதா? வயிற்றில் வாயு ஏற்றும்போது? மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பி.ஐ.எஸ் எண்ணை நம்பலாமா?

#12 ராம்ப்_தலையணை

எகிறும், நேரத்தைச் சரியாக வைக்காவிட்டால். தலை தூக்கிய ராம்ப்: காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே கிடைக்கோட்டில். மேசை 25 டிகிரி தலைப்பக்கம் மேலே. மானிட்டர் முழுதும் மாட்டிய பிறகு, ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் இருக்கும்போது டெக்ஸைத் தொடங்குங்கள். காத்திருப்பு அறையில் தொடங்கக் கூடாது, இவர் மூச்சுத்தடைக்காரர். வெளிவிடும் காற்றில் ஆக்சிஜன் 85 சதவீதத்தைத் தாண்டும்வரை காத்திருங்கள். டெக்ஸ், லிக்னோகெயின் தொடக்க டோஸ் முடிகிற நேரத்தில் புரோபோஃபால் 120 மி.கி, கெட்டமின் 20, ரோக்குரோனியம் 60 மி.கி. டி.ஓ.எஃப் (தசைத் தளர்ச்சியை அளக்கும் நான்கு துடிப்புச் சோதனை) பூஜ்யம் ஆன பிறகே வாயைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டு 40 விநாடியில் நுழைந்தால் ஓபியாய்டு இல்லாத குறை அங்கே தெரியும்; அரை நிமிடம் பொறுத்தால் தெரியாது. மிஞ்சினால் எஸ்மோலால் 20 அல்லது 30 மி.கி.

அழுத்தம் ஏறுகிறது என்று மருந்தை அள்ளிக் கொடுக்கும் முன் கஃப்பைப் பாருங்கள். பருமனான மேற்கை கூம்பு மாதிரி. சாதாரண கஃப் வழுக்கி முழங்கைப் பக்கம் இறங்கும், சிறியதாகவும் இருக்கும். சிறிய கஃப் அழுத்தத்தை அதிகமாகக் காட்டும். 170 என்று பார்த்து டெக்ஸை ஏற்றுவார்கள், உண்மையில் 130 இருந்திருக்கும், பத்து நிமிடத்தில் தலைதூக்கிய நிலையில் 80-க்கு இறங்கும். பொருந்தவில்லையென்றால் முன்கையில் கட்டலாம், நிச்சயம் வேண்டுமானால் தமனியில் குழாய்.

துடிப்புக் குறைவு பெரும்பாலும் இரண்டு நேரங்களில். ஒன்று, டெக்ஸை வேகமாகக் கொடுத்தால். முதலில் அழுத்தம் ஏறும், துடிப்பு விழும். இரண்டு, வாயு ஏற்றும் முதல் நிமிடம், வயிற்று உறை விரியும்போது. இரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி, டெக்ஸ் தொடக்க டோஸ் முடிந்து பத்து நிமிடமாவது ஆன பிறகு வாயு. ஏற்றுவது மெதுவாக, 12 மி.மீ அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். 40-க்கு விழுந்தால் முதலில் வாயுவை வெளியேற்றச் சொல்லுங்கள், பிறகு அட்ரோபின் 0.6 மி.கி. துடிப்பும் அழுத்தமும் சேர்ந்து விழுந்திருந்தால் எஃபெட்ரின் 6 மி.கி பொருத்தம். பீட்டா பிளாக்கர் உள்ளவர், இதயக் கடத்தல் தடை உள்ளவர் என்றால் டெக்ஸையே தவிர்த்துவிடலாம்.

பி.ஐ.எஸ்: கெட்டமின் அந்த எண்ணை ஏற்றும், ஆழம் குறையாமலே. டெக்ஸ் இறக்கும். 20 மி.கி கெட்டமின் போட்ட ஐந்து நிமிடத்தில் 45-லிருந்து 60 ஆனால் செவோஃப்ளூரேனை ஏற்ற ஓடாதீர்கள். துடிப்பு, அழுத்தம், வியர்வை, கண்ணீர் பாருங்கள்.

முக்கியமான ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் வெட்டும்போது துடிப்பு 110, அழுத்தம் ஏற்றம், ஆழம் சரி என்றால் ஃபென்டனில் 50 மை.கி கொடுங்கள். கொள்கைக்காக ஒருவரை இரண்டு மணி நேரம் பதற்றத்தில் வைக்க வேண்டாம்.

#13 சந்தேகப்_பேர்வழி

அப்படியென்றால் அது ஓபியாய்டு இல்லாத மயக்கம் இல்லையே! ஓபியாய்டைக் குறைத்த மயக்கம். நான் முதலிலிருந்து கேட்பதும் அதுதான். ஒரு பெயருக்காக ஐந்து மருந்து, மூன்று பம்ப். அதற்குப் பதில் பாரசிட்டமால், கீட்டோரோலாக், டெக்ஸாமெத்தசோன், கெட்டமின் 20, போர்ட்டில் மரப்பு மருந்து, தேவைக்குக் கொஞ்சம் ஃபென்டனில். பம்பே வேண்டாம்.

#14 ராம்ப்_தலையணை

மூச்சுத்தடை இல்லாத 38 பி.எம்.ஐ-க்கு உங்கள் பட்டியலே போதும், சண்டையில்லை. சிபேப் போட்டுக்கொள்பவர், ரத்தத்தில் பைகார்பனேட் 28-க்கு மேல் இருப்பவர், முன்பு வாந்தியில் அல்லாடியவர் என்றால் எனக்கு டெக்ஸ் பம்ப் வேண்டும். பைகார்பனேட்டை யாரும் பார்ப்பதில்லை என்பது தனி வருத்தம். பகலிலும் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவரைக் காட்டிக்கொடுக்கும் மிக மலிவான சோதனை அது.

#15 ரெக்கவரி_அக்கா

எல்லாரும் தியேட்டருக்குள்ளேயே நிக்கிறீங்க. வெளியே வந்ததும் என்னன்னு நான் சொல்றேன்.

முதல்ல, எங்ககிட்ட ஒப்படைக்கும்போது என்னென்ன எத்தனை மணிக்கு நிறுத்துனீங்கன்னு எழுதித் தரணும். டெக்ஸை முடியுறதுக்கு இருபது முப்பது நிமிஷம் முன்னாடி நிறுத்தலைன்னா நோயாளி கூப்பிட்டா கண்ணு திறப்பாங்க, விட்டா தூங்கிடுவாங்க. வலி எவ்வளவுன்னு கேட்டா "இல்ல"ன்னு சொல்வாங்க. அந்த "இல்ல"வை நம்பி வார்டுக்கு அனுப்புனா ரெண்டு மணி நேரத்துல வலி ஏறி வரும், அப்ப அங்க யாராவது முழு டோஸ் மார்ஃபின் கொடுப்பாங்க. சந்தேகம் சார் சொன்ன அந்த ராத்திரி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ரெண்டாவது, ஆக்சிஜன் மாஸ்க் போட்டு 98 காட்டுதுன்னு நிம்மதியாகாதீங்க. ஆக்சிஜன் ஓடுறப்ப மூச்சு குறைஞ்சாலும் எண் விழாது. மூக்குக் குழாயோட கேப்னோகிராஃப் (வெளிவிடுற கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது) இருந்தா மாட்டுங்க. இல்லைன்னா மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. தூக்கத்துல மூச்சுத்தடை இருக்கிறவங்களை, யாரும் எழுப்பாம, ஆக்சிஜன் இல்லாம, சும்மா விட்டுப் பார்த்து எண் நிக்குதான்னு பார்த்த பிறகுதான் வார்டுக்கு. தலைப்பக்கம் 30 டிகிரி. அவங்க சொந்த சிபேப் மிஷின் ரெக்கவரிக்கே வந்திருக்கணும், வார்டு அலமாரியில இல்ல.

மூணாவது, மெக்னீசியம் பாட்டில்ல மிச்சம் இருந்தா தியேட்டர்லயே கழட்டிடுங்க. தசைத் தளர்ச்சியை மாத்தின பிறகு மெக்னீசியம் ஓடுனா தளர்ச்சி திரும்ப வந்ததா பதிவாகியிருக்கு. கை தூக்க முடியலைன்னு நோயாளி சொல்றதுக்கு முன்னாடி தாடை தொங்கும்.

வலின்னா எங்க வரிசை: எங்க வலிக்குதுன்னு முதல்ல கேக்கணும். தோள்னா வாயு. உக்கார வெச்சு, முடிஞ்சா நடக்க வெச்சா குறையும், அதுக்கு மார்ஃபின் பெருசா கேக்காது. இரைப்பை பிடிச்சு இழுக்குதுன்னா வாந்தி மருந்தும் சுருக்கத்துக்கு ஹையோசினும். பாரசிட்டமால், கீட்டோரோலாக் போயிருக்கான்னு பாக்கணும். அப்புறமும் பத்துக்கு அஞ்சுக்கு மேலன்னா கெட்டமின் 5 மி.கி, டாக்டர் பக்கத்துல. அதுக்கும் அடங்கலைன்னா ஃபென்டனில் 25 மை.கி, இல்ல மார்ஃபின் 1 மி.கி, அஞ்சு பத்து நிமிஷம் பார்த்துப் பார்த்து. தூக்கக் கலக்கத்துல இருக்கிறவங்களுக்கு வலி எண் எவ்வளவு சொன்னாலும் ஓபியாய்டு கிடையாது. ஓபியாய்டு தொட்டாச்சுன்னா அன்னிக்கு ராத்திரி தொடர் மானிட்டர் இருக்கிற படுக்கை.

எந்த மருந்துக்கும் அடங்காத வலி, துடிப்பு 120-க்கு மேல, மூச்சு வேகம்: இது வலிப் பிரச்சினை இல்ல. கசிவா, ரத்தமான்னு சர்ஜனைக் கூப்பிடுங்க. பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கு 120 வரைக்கும் ஏறாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

#16 பயிற்சி_மயக்கம்

அக்கா, இது அப்படியே அச்சடித்து ஒட்டலாம். கடைசியில் தசைத் தளர்ச்சியை மாற்றக் கொடுக்கும் சுகமடெக்ஸ் எந்த எடைக்கு?

#17 மைக்ரோகிராம்

மருந்துக் குறிப்புப்படி மொத்த எடை. டி.ஓ.எஃப்-இல் இரண்டாவது துடிப்பு திரும்பியிருந்தால் 2 மி.கி × 132 = 264 மி.கி. பல இடங்களில் சரிக்கட்டிய எடைக்கு 178, அதாவது 200 மி.கி வயல் ஒன்றோடு முடிக்கிறார்கள். டி.ஓ.எஃப் விகிதத்தை எண்ணாகக் காட்டும் கருவி இருந்து, 0.9-ஐத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தால் அப்படிச் செய்யலாம். விரலின் துடிப்பைப் பார்த்து ஊகிக்கிற இடத்தில் மொத்த எடைக்கே கொடுங்கள். மெக்னீசியம் போயிருப்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது.

இன்னொன்று, கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு சுகமடெக்ஸ் கொடுத்தால் ஏழு நாள் வேறு தடுப்பும் வேண்டும் என்று சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். மயக்கம் தெளியும்போது சொன்னால் நினைவில் நிற்காது, டிஸ்சார்ஜ் தாளில் போடுங்கள்.

#18 சந்தேகப்_பேர்வழி

வீட்டுக்கு என்ன எழுதுவது? காபாபென்டின், பிரிகாபாலின் சேர்த்தால் ஓபியாய்டு குறையும் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள்.

#19 ராம்ப்_தலையணை

வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு (எஃப்.டி.ஏ) 2019 டிசம்பரில் மூச்சு ஒடுக்கம் பற்றி எச்சரித்த மருந்துகள் அவை. மூச்சுத்தடை உள்ளவருக்கு ஓபியாய்டை மிச்சம் பிடிக்க இன்னொரு தூக்க மருந்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. டிரமடாலும் எனக்குப் பிடிக்காது. ஒருவர் உடலில் வேலையே செய்யாது, இன்னொருவருக்கு அளவுக்கு மீறிச் செய்யும், எல்லாருக்கும் குமட்டும். போதாக்குறைக்கு, வாந்திக்கு ஆன்டான்செட்ரான் கொடுத்தால் டிரமடாலின் வலி நிவாரணமும் குறையும்.

பாரசிட்டமால் சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ, 1 கிராம் ஆறு மணிக்கொருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் மூன்று நாள். கல்லீரல் சுருங்கியவர் என்றால் நாளுக்கு 2 கிராமோடு நிறுத்துங்கள். பெரிய மாத்திரை ஸ்லீவில் இறங்காது, மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இரைப்பை பைபாஸில் சரியாக உறிஞ்சாது. கீட்டோரோலாக் வகை அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் ஸ்லீவுக்கு இரண்டு மூன்று நாள், அமிலத் தடுப்பு மருந்தோடு, சர்ஜன் ஒப்புக்கொண்டால். பைபாஸ் என்றால் வீட்டுக்கு எழுதவே வேண்டாம், இணைப்பில் புண் வரும்.

#20 ரெக்கவரி_அக்கா

பைபாஸ் ஆளுக்கு அழற்சி எதிர்ப்பு மாத்திரை கூடாதுன்னு தாள்ல மருந்துப் பேரோட எழுதுங்க சார். "வலி மாத்திரை தவிர்க்கவும்"னு எழுதுனா பாரசிட்டமாலையும் நிறுத்திடுவாங்க. அப்புறம் மூணாம் நாள் வலின்னு வந்து நிப்பாங்க.